வாகனம் கேளுங்கள்: இழுத்தால் வராத ஷாஃப்ட்

கேள்வி: ஐயா, என்னிடம் ஒரு பழைய மாருதி 800 இருக்கிறது. ஏற்றத்தில் எஞ்சின் இரைகிறதே தவிர கார் போவதில்லை. கிளச் தேய்ந்துவிட்டது என்று தெரிந்து, கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்து புது கிளச் செட் எடுப்பித்தேன். மச்சானும் நானுமாக வீட்டு முற்றத்தில் வேலையைத் தொடங்கினோம். ஒரு பக்க டிரைவ் ஷாஃப்ட் உடனே வந்துவிட்டது. மற்றப் பக்கம் இரண்டு நாளாக வரவில்லை. ஒருவர் மாறி ஒருவர் இழுத்தும் ரப்பர் பூட்தான் நீளுகிறது. பெரிய அலவாங்கு போட்டு நெம்பலாமா? சில்லு நடுவில் இருக்கும் பெரிய நட்டையும் கழற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், நிலாவெளி

பதில்: தம்பி, கடிதத்தில் தொலைபேசி இலக்கம் இருந்ததால் அன்றைக்கே கூப்பிட்டு, இழுப்பதை உடனே நிறுத்தச் சொன்னேன். அப்போது சுருக்கமாகச் சொன்னதை மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கே விரித்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்ற பிறகு ஐந்து வருடத்துக்குக் கிட்ட, இருந்த கார்களையே ஓட்டிக் காப்பாற்ற வேண்டியிருந்தது. அந்த நாட்களில்தான் பலர் முற்றத்தில் காரை ஜக்கில் தூக்கி வைத்து வேலை பழகினார்கள். நல்ல விஷயம். பழகுகிறவர்கள் சரியாகப் பழக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் கார் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் பக்கம் கடற்கரை மணல். ஜக் மெல்ல மெல்லப் புதையும். காலையில் நேராக நின்ற கார் மத்தியானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். ஜக்குக்கும் ஸ்டாண்டுக்கும் அடியில் தடித்த பலகை போடுங்கள், நல்ல பனந்துண்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பொள்ளல் சீமெந்துக் கல்லை அடுக்கி அதன் மேல் காரை ஏற்றவே கூடாது. அந்தக் கல் வெடிப்பதற்கு முன் சத்தம் காட்டாது, ஒரு நொடியில் தூளாகிவிடும். கழற்றிய சில்லையும் காரின் பக்கவாட்டுச் சட்டத்துக்குக் கீழே தள்ளி வையுங்கள். இரண்டு ஸ்டாண்ட் வாங்குகிற காசை இந்த வேலையின் செலவாகவே கணக்கில் எழுதுங்கள்.

சரி, கியர்பொக்ஸிலிருந்து முன்சில்லைச் சுற்றவைக்கும் அந்த ஷாஃப்டுக்கு வருவோம்.

நான் வேலை பழகிய காலத்தில் திருகோணமலையில் மோரிஸ் மினி நிறைய ஓடியது. 1959இல் வந்த கார் அது. எஞ்சினைக் குறுக்காக வைத்து முன்சில்லை ஓட்டும் வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பியது அதுதான். ஆனால் மினியில் கியர்பொக்ஸ் எஞ்சினுக்கு அடியில் இருப்பதால், கிளச் மாற்ற ஷாஃப்டைத் தொடவே தேவையில்லை. பின்னால் வந்த கார்களில் கியர்பொக்ஸ் எஞ்சினின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, இரண்டு சில்லுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலும் அதே கூட்டுக்குள்தான். இரண்டு ஷாஃப்டும் அதற்குள் செருகி நிற்கும்வரை கியர்பொக்ஸை எஞ்சினை விட்டுப் பிரிக்க முடியாது. இப்படித்தான் கிளச் வேலைக்குள் ஷாஃப்ட் வேலை நுழைந்தது. எனக்குத் தெரிந்த வீட்டுப் பிழைகளில் பெரும்பங்கு, கிளச்சில் கை வைப்பதற்கு முன்பே, இந்த ஷாஃப்டில் நடந்தவை.

வெளியே வந்துவிட்ட ஷாஃப்ட் உங்களிடம் இருக்கிறதல்லவா, அதன் உள் முனையைப் பழந்துணியால் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீளவாக்கில் பல் வெட்டியிருக்கும். பற்கள் முடிகிற இடத்துக்குக் கிட்ட, சுற்றிவர ஒரு மெல்லிய பள்ளம். பள்ளத்துக்குள் ஒரு கம்பி வளையம் இருக்கும். அது முழு வட்டமில்லை, ஓரிடத்தில் வாய் திறந்திருக்கும். நகத்தால் அமுக்கினால் பள்ளத்துக்குள் ஒடுங்கும், விட்டால் திரும்ப விரியும். இதுதான் சேர்க்ளிப். கியர்பொக்ஸுக்குள் ஷாஃப்டைப் பிடித்து வைத்திருப்பது இந்தச் சின்னக் கம்பிதான், வேறு போல்ட் ஒன்றும் இல்லை. அது ஒடுங்கினால் ஷாஃப்ட் வரும், ஒடுங்காவிட்டால் வராது.

நீங்கள் இழுத்தபோது அது ஏன் ஒடுங்கவில்லை? ஷாஃப்டின் உள் பக்கத்து மூட்டு நீளவும் சுருங்கவும் கூடியது. பள்ளத்தில் சில்லு ஏறி இறங்கும்போது சில்லுக்கும் கியர்பொக்ஸுக்கும் இடையிலான தூரம் மாறும், அந்த மாற்றத்தை உள் மூட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே நடுத்தண்டைப் பிடித்து இழுத்தால் மூட்டுத்தான் நீளும், அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட் விரியும். உங்கள் பலம் அந்தக் கம்பி வரை போய்ச் சேர்வதே இல்லை.

அதற்கு மேலும் இழுத்தால் நடப்பதை நான் என் கையால் செய்து பார்த்தவன். பதினெட்டு வயதில், அனுராதபுரச் சந்திக்குக் கிட்ட ஒரு கராஜில் வேலை பழகிக்கொண்டிருந்தேன். ஒரு வாடகைக் காரின் ஷாஃப்டை, பெரியவர் சாப்பிடப் போன நேரத்தில், காலை முட்டுக்கொடுத்து இழுத்தேன். "கொளக்" என்று ஏதோ விட்டுக்கொடுத்தது. வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். உண்மையில், மூட்டுக்குள் இருந்த மூன்று உருளைகளும் தம் கோப்பையை விட்டு வெளியே வந்து பூட்டுக்குள் விழுந்திருந்தன. நான் திரும்பத் தள்ளிப் பொருத்தினேன், பூட்டைத் திறந்து பார்க்கவில்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. அந்தக் கார்க்காரர் குடும்பத்தோடு கொழும்புக்குப் புறப்பட்டு, கந்தளாய் தாண்டுவதற்குள் கார் உடம்பு முழுக்க உதறத் தொடங்கி, அரைவழியில் நின்றார். பிள்ளைகளோடு வெயிலில் நின்ற கதையை அவர் வந்து சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. பெரியவர் ஏசவில்லை. பூட்டை என் முன்னாலேயே வெட்டித் திறந்து, நொறுங்கிக் கிடந்த ஊசி பெயரிங்குகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் எடுத்து வைத்தார். அன்றிலிருந்து நான் நடுத்தண்டைப் பிடித்து இழுத்ததில்லை.

உங்கள் காரில் இருப்பது மூன்று உருளை மூட்டோ ஆறு குண்டு மூட்டோ, இரண்டு நாள் இழுபட்ட பிறகு திறந்து பார்க்காமல் பூட்டக் கூடாது. உள் பூட்டின் பெரிய கிளிப்பைக் கழற்றி, ரப்பரைப் பின்னால் தள்ளுங்கள். உருளைகள் கோப்பைக்குள் இருக்கின்றனவா, வழவழப்பாகச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். பழைய கிறீஸை வழித்துவிட்டு, சி.வி. ஜொயின்டுக்கென்றே, அதாவது இந்த ஷாஃப்ட் மூட்டுகளுக்கென்றே விற்கிற கறுப்புக் கிறீஸ் போடுங்கள், சில்லு பெயரிங்குக்குப் போடும் சாதாரணக் கிறீஸ் வேண்டாம். கிளிப்பும் புதிதாக இருக்கட்டும். மணல் முற்றம் என்பதால் இந்த வேலையைக் காற்று விழுந்த நேரத்தில், கீழே சாக்கை விரித்துச் செய்யுங்கள்.

இனி அந்த ஷாஃப்டை எடுக்கும் வழி. அலவாங்கு வேண்டாம். கியர்பொக்ஸின் கூடு அலுமினியம், அலவாங்கின் முனைக்கு அது வெடித்துவிடும். கைக்கு அடக்கமான இரண்டு தட்டை லீவர்கள் போதும், டயர் கழற்றும் லீவர் என்றாலும் சரி. உள் மூட்டின் இரும்புக் கோப்பைக்கும் கியர்பொக்ஸ் கூட்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி இருக்கும். லீவர் போகவேண்டிய இடம் அதுதான். கோப்பைக்கு மேலே ஒன்று, நேர் எதிராகக் கீழே ஒன்று. கூட்டின் மேல் படும் பக்கத்தில் ஒரு மரத்துண்டு வையுங்கள். ஷாஃப்டைச் சுற்றி ஒயில் கசியாமல் தடுக்கும் ஒயில் சீலின் விளிம்பில் லீவர் படக்கூடாது, அதை வடிவாகப் பார்த்து வையுங்கள். பிறகு மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போகாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் சட்டென்று ஒரு வெட்டு வெட்டுங்கள். அந்தக் கம்பி வளையம் நிதானமான அழுத்தத்துக்கு இறுகிக்கொண்டு நிற்கும், திடீர் அடிக்குத்தான் ஒடுங்கும். வராவிட்டால் ஷாஃப்டைக் கால்வாசிச் சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள். வளையத்தின் திறந்த வாய் இடம் மாறினால் சிலவேளை உடனே விட்டுக்கொடுக்கும். இரண்டு மூன்று இடத்தில் மாற்றிப் பார்த்தால் பெரும்பாலும் வந்துவிடும்.

வெளியே வரும்போது ஒயிலும் வரும். முன்கூட்டியே வடித்திருந்தாலும் ஒரு கோப்பையளவாவது கொட்டும், பேசினைத் தயாராக வையுங்கள். ஒயில் வடிக்கிறவர்களுக்கு ஒன்று: ஊற்றுகிற பக்கத்து நட்டைத் திறக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே வடிக்கிற நட்டைத் திறக்கவேண்டும். வடித்து முடித்தபின் மேல் நட்டு இறுகிப்போய்த் திறக்கவில்லை என்றால் கார் முற்றத்திலேயே கிடக்கும்.

சில்லு நடுவிலுள்ள பெரிய நட்டைப் பற்றிக் கேட்டீர்கள். தொடாதீர்கள். ஷாஃப்டின் உள் முனை எந்நேரமும் ஒயிலில் குளிப்பது, அங்கே துரு பிடிக்காது. வெளி முனை அப்படியில்லை. நம்முடைய உப்புக் காற்றில் அது, சில்லைப் பூட்டும் நடுப்பாகமான ஹப்போடு ஒன்றாகிப்போயிருக்கும், அதை அடித்துக் கழற்றப்போய்ச் சில்லு பெயரிங்கையும் கெடுத்துக்கொள்வீர்கள். கிளச் மாற்ற உள் முனை வந்தால் போதும். ஸ்டீயரிங் கம்பியின் முனையையும் ஹப்பைக் கீழிருந்து பிடித்திருக்கும் கீழ்க்கையின் போல் ஜொயின்டையும் விடுவித்தால் ஹப் முழுவதும் வெளிப்பக்கம் சாயும், அந்த இடைவெளியே போதுமானது. போல் ஜொயின்டைப் பிடித்திருக்கும் போல்ட்டை முழுதாக உருவிய பிறகுதான் கீழ்க்கையைத் தட்ட வேண்டும். அந்த போல்ட் ஜொயின்டின் காம்பில் உள்ள பள்ளத்துக்குள் ஓடுவதால், பாதி உருவிவிட்டு அடித்தால் வராது. முதல் நாள் இரவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு வைத்தால் காலையில் உங்கள் சொல் கேட்கும்.

ஹப்பைச் சாய்க்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடாமல் பாருங்கள். வெளியே வந்த ஷாஃப்டைத் தொங்கவிடவும் வேண்டாம். கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு சேர்த்துத் தூக்கிக் கட்டிவிடுங்கள். தன் பாரத்திலேயே மூட்டு மடங்கி, பூட் கிழிந்த கார்களைக் கண்டிருக்கிறேன். இன்னொன்று, சில கியர்பொக்ஸ்களில் இரண்டு ஷாஃப்டையும் ஒன்றாக எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் பக்கப் பற்சில்லு இடம் நழுவிவிடும். அளவான ஒரு மரக்கட்டையையோ பழைய மூட்டுத் துண்டையோ ஒரு பக்கம் செருகி வைப்பது நல்லது.

கிளச்சைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, செட்டோடு வரும் தாளிலேயே இருக்கும். எஞ்சினுக்கு அடியில் பலகை வைத்து ஜக் கொடுத்த பிறகே கியர்பொக்ஸின் தாங்கியைக் கழற்றுங்கள். பழைய பிளேட்டின் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுங்கள், பழைய பிளேட்களில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்கலாம். ஃபிளைவீலில் நீலம் பாரித்த இடமோ வெடிப்போ உண்டா, கிராங்க் சீல் பக்கம் ஒயில் கசிகிறதா என்று இப்போதே பாருங்கள். பிளேட்டின் எந்தப் பக்கம் ஃபிளைவீலைப் பார்க்கவேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கும். பிரஷர் பிளேட் போல்ட்களை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கியர்பொக்ஸைப் பொருத்தும்போது அதன் பாரம் முழுவதும் புது பிளேட்டின் நடுவில் தொங்கிவிடாமல் மச்சானைத் தாங்கிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஷாஃப்டைத் திரும்பப் பூட்டும்போது புது சேர்க்ளிப் போடுங்கள், மிகச் சின்னச் செலவு. சீலின் உதட்டில் விரலால் ஒயில் தடவி, பற்கள் அதில் உரசாதபடி ஷாஃப்டை நேராகப் பிடித்து உள்ளே விடுங்கள். பல் பிடித்ததும் கோப்பையைக் கையால் ஒரு தள்ளு. "டக்" என்ற சத்தம் காதுக்குக் கேட்கும், கைக்கும் தெரியும். பிறகு கோப்பையை மட்டும் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். வரக்கூடாது. கியர் ஒயில் ஊற்றி முடிக்கும்வரை எஞ்சினை ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கேபிள் கிளச் என்பதால் மிதியின் வெறும் ஆட்டத்தையும் சரிசெய்யுங்கள். பெரும்பாலும் 15 முதல் 25 மில்லிமீற்றர் வரை வைப்பது வழக்கம்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் நானா. போன மாதம் கிளச் மாற்றினேன். இப்போது கார் நிற்கும் இடத்தில் வலப்பக்கச் சில்லுக்கு உள்பக்கமாக ஒயில் சொட்டு விழுகிறது. கிளச் வேலை செய்த இடத்தில், ஒயில் புதிது என்பதால் அப்படித்தான் இருக்கும், போகப்போக நின்றுவிடும் என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், கிண்ணியா

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. நிற்காது. ஷாஃப்டைத் திரும்பச் செருகும்போது பற்கள் சீலின் உதட்டைக் கீறியிருக்கலாம். இல்லாவிட்டால் வருடக் கணக்காக ஒரே இடத்தில் உரசி இறுகிப்போன பழைய சீலையே விட்டிருப்பார்கள். ஷாஃப்டை எடுத்தால் சீலையும் மாற்றிவிட வேண்டும். சீலின் விலையைவிட அதை மாற்றுகிற கூலி பலமடங்கு, அந்தக் கூலியை இப்போது இரண்டாம் தடவை கொடுக்கப் போகிறீர்கள்.

வேலை செய்தவர்களிடமே திரும்பக் கொண்டுபோய்ப் பண்பாகக் கேளுங்கள். ஷாஃப்ட் வெளியே வந்ததும், சீல் உரசுகிற கழுத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். நகம் மாட்டுகிற அளவுக்குப் பள்ளம் இருந்தால் புதுச் சீலும் கசியும். அப்போது சீலை முந்தின ஆழத்திலிருந்து மிகச் சிறிது மாற்றி உட்கார வைத்தால், உதடு புது இடத்தில் படும். அதுவரை வாரம் ஒருமுறை கியர் ஒயில் அளவைப் பாருங்கள். ஒயில் குறைந்தால் எஞ்சினைப் போல விளக்கு எரிந்து சொல்லாது, பெயரிங் கத்தத் தொடங்கும்போதுதான் தெரியும். கிண்ணியாப் பாலத்தில் தினமும் போய்வருகிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நான் ஆசிரியை. காரைப் பாடசாலை வாசலில் முழுதாகத் திருப்பும்போது முன் இடப்பக்கத்தில் "டக் டக் டக்" என்று கேட்கிறது. நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. கராஜில் முழு ஷாஃப்டையும் மாற்றவேண்டும் என்றார்கள். கேட்ட விலை எனக்குப் பெரிது. ரீகண்டிஷன் ஷாஃப்ட் எடுக்கலாமா?
— வாசகி, உவர்மலை

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதியிருப்பது வெளி சி.வி. ஜொயின்டின், அதாவது ஷாஃப்டின் சில்லுப் பக்கத்து மூட்டின் சத்தம். அதற்குள் ஆறு இரும்புக் குண்டுகள் வளைந்த பாதைகளில் ஓடுகின்றன. நேராகப் போகும்போது அவற்றுக்கு அசைவு குறைவு. முழுதாகத் திருப்பும்போதுதான் பாதையின் கோடி வரை போய் வரும், அங்கே தேய்வு இருந்தால் அடிக்கும். பெரும்பாலும் முதலில் கிழிவது பூட்தான். நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம்: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பிவிட்டு, காரை நிறுத்தி, சில்லுக்குப் பின்னால் டோர்ச் அடியுங்கள். ரப்பர் மடிப்புகளுக்கிடையில் வெடிப்பும், சில்லின் உள்பக்கத்தில் சுற்றிவரக் கறுப்புக் கிறீஸும் தெரிந்தால் அதுதான். கடற்கரை ஊரில் அந்தக் கிழிசலுக்குள் போவது வெறும் மணல் இல்லை, உப்பு மணல். கிறீஸோடு சேர்ந்து அரைத்துவிடும்.

சத்தம் வந்த பிறகு பூட் மட்டும் மாற்றிப் பயனில்லை. ஆனால் முழு ஷாஃப்டும் தேவையில்லை. உள் மூட்டு நன்றாக இருந்தால், வெளி மூட்டை மட்டும் பூட்டோடும் கிறீஸோடும் செட்டாக வாங்கிப் போடலாம். அதை முதலில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் ரீகண்டிஷன் எடுக்கலாம். ஆனால் கார் பெயரைச் சொல்லி வாங்காமல், பழைய ஷாஃப்டைக் கழற்றி எடுத்து அதனோடு வைத்து வாங்கச் சொல்லுங்கள். நீளம், இரண்டு முனையிலும் பற்களின் எண்ணிக்கை, ஏ.பி.எஸ். உள்ள கார் என்றால் வெளி மூட்டில் அதற்குரிய பல் வளையம், இந்த மூன்றும் ஒத்துவர வேண்டும். வாங்குமுன் மூட்டை நன்றாக மடக்கிச் சுழற்றினால், கல்லுப் பட்டதுபோல் எங்காவது தட்டுகிறதா என்று கையிலேயே தெரியும்.

இந்த வேலைக்கு நடுவிலுள்ள பெரிய நட்டைத் திறக்கத்தான் வேண்டும். ஜக் அடிக்கும் முன், சில்லு நிலத்தில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதிக்க மற்றவர் அதைத் தளர்த்த வேண்டும். ஷாஃப்ட் வெளியே இருக்கும்போது காரைச் சில்லில் இறக்கி உருட்டினால் பெயரிங் பிரிந்துவிடும், அதையும் கராஜில் நினைவூட்டுங்கள். நட்டு புதிது போடச் சொல்லுங்கள், டோர்க் ரென்ச்சால் இறுக்கினார்களா என்றும் கேளுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் வலப்பக்கத்துப் பூட்டையும் டோர்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள். அங்கே வெடிப்பு இருந்தும் இன்னும் சத்தம் வரவில்லை என்றால், அந்தப் பக்கம் பூட்டும் கிறீஸும் மட்டும் மாற்றினால் போதும்.